படைப்பணி புரிந்த மகளிர்க்கு நாம் செலுத்தும் கடன்

சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு



 ஆண்டுதோறும் இம்மேடையில் எங்களுக்கு அளிக்கப்பெறும் நேரத்தில் குழந்தை வளர்ப்பு, தாய்மொழிக் கல்வி, இல்லத்தின் வரவு செலவு என்பன பற்றியே பேசி வந்தோம். இவ்வாண்டு வேறொரு பொருளைப் பேச விழைகின்றோம். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண்கள், ஓய்வுக்குப் பின் தமக்குரிய மதிப்பையும் உதவியையும் பெறுகின்றனரா என்பதே அப்பொருள்.

'இஃது அமைச்சர்களும் படைத்தலைவர்களும் ஆராயவேண்டிய செய்தியாயிற்றே. காலனியில் குடியிருக்கும் நமக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் எண்ணக்கூடும். நாங்களும் ஓராண்டுக்கு முன்வரை அவ்வாறே எண்ணியிருப்போம். நம் சங்கத்தின் கூடத்திலேயே, நம் அனைவர் கண்முன்னும், நாமே செய்த ஒரு பிழை எங்கள் எண்ணத்தை மாற்றியது. அப்பிழையை ஒளியாமல் சொல்லித் தொடங்குவதே முறை.

புனே நகரத்தில் வாழும் நமக்குப் படை என்பது தொலைவிலுள்ள ஒன்றன்று. தென் மண்டலப் படையின் தலைமையகம் இந்நகரில் இருக்கிறது. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயே வேரூன்றிவிட்டன. நம் காலனியில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டிலேனும் படையோடு தொடர்புடையவர் ஒருவர் இருப்பார். ஆதலின் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடி நாளாக நம் சங்கம் தவறாமல் கொண்டாடி வருகிறது. 1949-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கொண்டாடப்பெறும் நாள் அது. முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் நிதி திரட்டுவதே அதன் நோக்கம்.

சென்ற ஆண்டு அந்நாளில், நம் காலனியில் வாழும் முன்னாள் படைவீரர்கள் பதினொருவரை மேடைக்கு அழைத்து மாலையிட்டோம். செயலாளர் பட்டியலைப் படித்தார். ஒவ்வொருவராக வந்தனர். ஐந்தாவதாக வந்தவர் ஹவில்தாராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தின் பின்புறத்தையே பார்த்து நின்றார். பிறகு ஒலிபெருக்கி அருகே வந்து சொன்னார்: "இந்த மாலையைத் தொடுத்தது எங்கள் அக்கா. அக்கா படை மருத்துவமனைகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, மேஜர் பதவியில் ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது அவரைக் கண்டால் நான் சல்யூட் அடிக்கவேண்டும். இன்று அவர் பூத்தொடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறார். நான் மேடையில் நிற்கிறேன்."

கூடம் அடங்கிப்போயிற்று. பின்புறத்தில் வாழைநாரும் சாமந்திப்பூவுமாக அமர்ந்திருந்த அந்த அம்மையாரை அப்போதுதான் நாம் திரும்பிப் பார்த்தோம். ஒன்பது ஆண்டுகளாக அவர் நம்மிடையே வாழ்கின்றார். மார்கழியில் கோலப் போட்டிக்கு அவர்தாம் நடுவர். குழந்தைகட்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவிலும் அவரைத்தான் எழுப்புவோம். 'நர்ஸ் அத்தை' என்று காலனி முழுவதும் அழைக்கும். எனினும் அவர் படை அதிகாரி என்பதை நம்மில் ஒருவரும் அறியோம். அறியாமைக்குக் காரணம் அவர் மறைத்தமை அன்று. நாம் கேட்டதில்லை, அவ்வளவே. அவர் நமக்கு ஹவில்தாரின் அக்கா. அந்த ஒரு முகவரியே போதும் என்று இருந்துவிட்டோம்.

அவர் விருப்பப்படி அவர்தம் பெயரை ஈண்டுக் கூறாமல் விடுகின்றோம்.

மறுநாள் மாதர் பகுதியினர் சிலர் அவர் இல்லத்திற்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். "இதற்குப்போய் எதற்கம்மா வருத்தம்? எனக்கு இது பழகிப்போன ஒன்று" என்றார். எங்களைச் சுட்டது அச்சொல்லே. பழகிப்போனது யாது என்று மெல்லக் கேட்டோம்.

1971-ஆம் ஆண்டுப் போரின்போது அவர் பணிக்குப் புதியவர். எல்லைக்கு அருகிலுள்ள ஒரு படை மருத்துவமனையில், அறுவைக் கூடத்திலிருந்து வரும் காயம்பட்டோரை இரவு பகலாகப் பேணியவர். ஓய்வுபெற்ற பின், உடல்நல அட்டை ஒன்றைப் புதுப்பிக்கத் தம்பியின் துணையோடு ஓர் அலுவலகத்திற்குச் சென்றாராம். சாளரத்தின் பின்னிருந்த எழுத்தர் அவர் நீட்டிய தாளை வாங்கி, அவரைப் பாராமல் தம்பியைப் பார்த்து, "உங்கள் படை எண்?" என்று கேட்டார். அம்மையார், "எண் என்னுடையது" என்றார். எழுத்தர், "உங்கள் கணவருடைய எண்ணைச் சொல்லுங்கள்" என்றார். "எனக்குக் கணவர் இல்லை" என்றார். "அப்படியானால் விதவையர்க்குரிய வரிசை அங்கே இருக்கிறது" என்று கை காட்டப்பட்டது. அட்டை ஒருவாறு கிடைத்தது. ஆனால் அவர் அப்பக்கம் மீண்டும் போகவில்லை. இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலிக்குத் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தனியார் மருத்துவரிடமே சென்று வருகின்றார்.

அன்பர்களே, இதனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சட்டத்தில் அவர்க்கு உரிமை இருக்கிறது. ஓய்வூதியம் இருக்கிறது. அட்டையும் இருக்கிறது. ஆயினும் அவர் வாயிற்படியில் நின்றுவிட்டார். கதவு பூட்டியிருக்கவில்லை, உள்ளே இருந்தவர் கேட்ட கேள்வி அவரை வெளியே நிறுத்தியது.

இனி, படையில் பெண்கள் பணியாற்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இது நேற்று முளைத்ததென்று பலர் கருதுகின்றனர். 1888-ஆம் ஆண்டில் பயிற்சி பெற்ற செவிலியர் பதின்மர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியதை நம் நாட்டுப் படைச் செவிலியர் பணியின் தொடக்கமாகக் கொள்வர். 1926-இல் அப்பணி நிலையான அமைப்பாயிற்று. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943-இல் பிறந்த அவசரச் சட்டம் ஒன்று செவிலியர்க்குப் படை அதிகாரிகளின் தகுதியை வழங்கியது. அதே போர்க்காலத்தில், 1942-இல், பெண்கள் துணைப்படை ஒன்று அமைக்கப்பட்டது. பதினாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்து, தட்டெழுத்து, தொலைபேசி, மறைமொழிச் செய்தி, வண்டியோட்டுதல் எனப் பல பணிகளை ஆற்றினர். போர் முடிந்து 1947-இல் அப்படை கலைக்கப்பட்டது. அதனுடன் அவர்கள் நினைவும் பெரும்பாலும் கலைந்தது.

நேதாஜியின் இந்தியத் தேசியப் படையில் 1943-இல் தோன்றிய ஜான்சிராணி படையைத் தமிழர் எவரும் மறவார். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சிங்கப்பூர் சென்ற கேப்டன் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் துப்பாக்கி ஏந்தினர். அவர் பெருமையை நாமும் நம் மேடைகளில் பலகாலும் பேசியிருக்கின்றோம். நம் பிள்ளைகட்கு அவர்போல் வேடமிட்டு மகிழ்ந்திருக்கின்றோம். மேடையில் ஜான்சிராணிப் படைக்குக் கைதட்டிய நாம், கூடத்தின் பின்புறத்தில் பூத்தொடுத்த மேஜரை அறியாதிருந்தோம். கதையில் வருவோரைப் போற்றுவது எளிது. பக்கத்து வீட்டில் இருப்போரை அறிந்து போற்றுவதற்குச் சிறிது முயற்சி வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த 1950-ஆம் ஆண்டுப் படைச் சட்டம், அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகளில் அன்றிப் பெண்களைப் படையில் சேர்க்கலாகாது என்று வகுத்தது. மருத்துவமும் செவிலியமுமே அவர்களுக்குத் திறந்திருந்த வாயில்கள். அவ்வாயிலில் நுழைந்த தமிழ்ப் பெண்ணொருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். டாக்டர் விஜயலட்சுமி ரமணன் 1924-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1955-ஆம் ஆண்டு ஆகஸ்டில் படை மருத்துவப் பிரிவில் அதிகாரியாகி, விமானப்படைக்கு அனுப்பப்பெற்றார். நம் விமானப்படையின் முதல் பெண் அதிகாரி அவரே. 1979-இல் விங் கமாண்டராக ஓய்வு பெற்று, 2020-இல் மறைந்தார். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகட்கு மேல். பணிக்காலத்தினும் ஓய்வுக்காலம் நீண்டதாக அமைவது இயல்பே. ஆதலின் 'படையில் பெண்ணைச் சேர்த்தோமா?' என்பதோடு நாட்டின் கடமை முடிவதில்லை. 'சேர்ந்தவர் வெளியே வந்தபின் எவ்வாறு வாழ்கின்றார்?' என்பதும் கேட்கப்படவேண்டும்.

1992-இல் தரைப்படை மருத்துவம் அல்லாத வேறு பிரிவுகளிலும் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கிற்று. அவர்கள் பயிற்சி பெற்றது சென்னைப் பரங்கிமலையில் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அவர்க்கு முதலில் அளிக்கப்பட்ட பணிக்காலம் ஐந்து ஆண்டுகளே. அது பின்னர்ப் பத்தாகவும் பதினான்காகவும் நீண்டது. அதிகாரி ஒருவர் ஓய்வூதியம் பெறவேண்டுமானால் இருபது ஆண்டுகள் பணியாற்றியிருத்தல் வேண்டும். பதினான்கு ஆண்டுகளில் வெளியேறியவர்க்கு ஒருமுறை வழங்கும் பணிக்கொடை உண்டு. திங்கள்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. ஆண் அதிகாரிகள் நிலையான பணிக்கு மாறும் வழி திறந்திருந்தது. பெண்டிர்க்கு மிகப் பெரும்பாலான பிரிவுகளில் அவ்வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. இளமையின் பதினான்கு ஆண்டுகளைப் படைக்கு அளித்து, நாற்பதை நெருங்கும் வயதில், கையில் குழந்தையும் கண்முன் வேறு தொழிலும் தேடி அவர்கள் வெளியே வந்தனர்.

நீதிமன்றங்களின் கதவைப் பலமுறை தட்டிய பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தரைப்படைப் பெண் அதிகாரிகட்கும் நிலையான பணி வழங்கப்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த திங்களில் கடற்படைக்கும் அவ்வாறே தீர்ப்பு வந்தது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில், விமானப்படையிலிருந்து முன்னரே விடுவிக்கப்பட்ட முப்பத்திரண்டு பெண் அதிகாரிகளின் வழக்கில், அவர்களை மீண்டும் பணியில் அமர்த்த இயலாதெனினும், தகுதியுடையோர்க்கு இருபது ஆண்டுகள் பணியாற்றியவர்க்குரிய ஓய்வூதியம் வழங்க ஆராயவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. நன்றே. ஆனால் முப்பத்திருவர்க்குத் தீர்ப்புக் கிடைத்தது, அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினமையால். வழக்காட வலியற்று வீட்டிலிருந்தோர் எத்துணையரோ!

மற்றொரு வழக்கைக் கேட்டால் உங்கள் உள்ளம் நோகும். 1977-ஆம் ஆண்டின் படை ஆணை ஒன்றின்படி, படைச் செவிலியர் மணம் புரிந்துகொண்டால் அதனையே காரணமாகக் காட்டிப் பணியிலிருந்து நீக்கலாம். ஆடவர் எவர்க்கும் இத்தகைய விதி இல்லை. அவ்வாணை 1995-இல் விலக்கப்பட்டது. அதற்குள், 1988-இல், செவிலிய அதிகாரி ஒருவர் மணம் புரிந்தமையால் நீக்கப்பட்டார். அவர் வழக்காடினார். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், அவ்விதி தன்னிச்சையானது, பாலின வேற்றுமை காட்டுவது என்று உச்ச நீதிமன்றம் கூறி, அவர்க்கு அறுபது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள்! மணமகளாய்ப் பணியிழந்தவர் முதுமையை எட்டியபின் நீதி பெற்றார்.

தாய்மார்களே, இச்செய்தியை எங்கள் கூட்டமொன்றில் படித்தபோது, நான்காம் வரிசை வீட்டுச் சகோதரி ஒருவர் எழுந்து, "நானும் அப்படி வந்தவள்தான்" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினெட்டு ஆண்டுகளாக அவரோடு பழகியிருந்தும் நாங்கள் அதனை அறியோம். "சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? நான் ஐந்து வருஷம்தான் இருந்தேன். அதைப் படைப்பணி என்று சொல்லலாமா என்றே எனக்குத் தெரியவில்லை" என்றார் அவர்.

அதன் பிறகே நாங்கள் ஒரு வேலையில் இறங்கினோம். காலனியின் வீடுகள் அனைத்திற்கும் சென்று கணக்கெடுக்க முற்பட்டோம். முதல் ஞாயிற்றுக்கிழமை, "உங்கள் வீட்டில் முன்னாள் படைவீரர் எவரேனும் உளரா?" என்று கேட்டோம். எல்லாரும் தந்தை பெயரை, மாமனார் பெயரை, அண்ணன் பெயரைச் சொன்னார்கள். ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை. மறுமுறை கேள்வியை மாற்றினோம். "இவ்வீட்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றுள் எதிலேனும், எத்தனை நாளேனும், எந்த வேலையிலேனும் பணியாற்றிய பெண் உண்டா?" என்று கேட்டோம். நால்வர் வெளிப்பட்டனர்.

ஒருவர் நம் மேஜர் அம்மையார். மற்றொருவர் மணத்தால் பணியிழந்த சகோதரி. மூன்றாமவர் பதினான்கு ஆண்டுகள் தரைப்படை அதிகாரியாய் இருந்து ஓய்வூதியமின்றி வந்தவர். நம் பிள்ளைகட்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் என்றே அவரை அறிவோம். நான்காமவர் படை மருத்துவப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர். முதல் ஞாயிறு சென்ற அதே வீடுகள்; அதே மனிதர்கள். கேள்வி ஒன்றே மாறியது.

நாங்கள் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே. முன்னாள் படைவீரர்க்கான பணிகளில் பெண்டிர்க்கும் இடம் வேண்டுமானால், முதலில் நாம் கேட்கும் கேள்வி திருந்தவேண்டும். 'வீரர்' என்னும் தமிழ்ச்சொல் இருபாலார்க்கும் பொதுவானது. எனினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் மீசை வந்து நிற்கிறது. பழந்தமிழ்ப் பாட்டிலும், போருக்குச் சென்ற தந்தையையும் கணவனையும் இழந்த பின் ஒரே மகனையும் அனுப்பிவைக்கும் மறக்குடித் தாயைப் போற்றிப் பழகினோம். அனுப்பியவளாகவும் இழந்தவளாகவும் பெண்ணை அறிவோம். சென்று திரும்பியவளாக அறியோம். ஆதலின் அவள் திரும்பி வரும்போது எங்கே அமரச்செய்வதென்று நமக்குத் தெரிவதில்லை.

சொல் சிறியதுதானே என்று கருதவேண்டா. ஆங்கிலத்தில் முன்னாள் படைவீரரைக் குறிக்கும் சொல் ஆண்பாலிலேயே அமைந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், முன்னாள் படைவீரரின் மகள் மணம் புரிந்தால் அவளுக்குரிய அட்டையை மறுக்கும் விதி செல்லாது என்று தீர்ப்புக் கூறியபோது, அந்த ஆண்பாற் சொல்லையும் மாற்றி இருபாலார்க்கும் பொதுவான சொல்லை வழங்குதல் நலம் என்று எடுத்துரைத்தது. அமெரிக்க நாட்டில் படைவீரர் நலத்துறை, பெண்டிர்க்கெனத் தனி மையம் ஒன்றை 1994-இல் அமைத்தது. நெடுங்காலம் ஆண்பாலில் வழங்கிய தன் குறிக்கோள் வாசகத்தை 2023-இல் இருபாலார்க்கும் உரியதாக மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகையில் தமக்கு இடம் உண்டென்று கண்டால்தான் ஒருவர் துணிந்து உள்ளே நுழைவர்.

இங்கே இரண்டு ஐயங்கள் எழுப்பப்படுகின்றன. எங்கள் வீடுகளிலேயே எழுந்தவை அவை. 'செவிலியர் போர்முனையில் சுட்டதில்லையே. அவரை வீரர் எனலாமா?' என்பது ஒன்று. படையில் சமையல் செய்த ஆடவர் உளர். கணக்கு எழுதியவர் உளர். பண்டகசாலையைக் காத்தவர் உளர். அவரெல்லாம் முன்னாள் படைவீரர் என்றே மதிக்கப்படுகின்றனர், அதுவே நேர்மை. 'நீ எத்தனை குண்டு சுட்டாய்?' என்று அவரை எவரும் கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும் அக்கேள்வியைக் கேட்பானேன்? படைச் செவிலியர் முன்னாள் படைவீரர் என்னும் சொல்லில் அடங்குவரா என்னும் வழக்கே நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது என்றால், இம்மயக்கம் எவ்வளவு ஆழமானதென்று உணரலாம்.

'மிகச் சிலர்க்காக ஏன் இவ்வளவு முயற்சி?' என்பது மற்றொன்று. ஆடவர் பலராக இருப்பதால் ஒருவர்க்கு ஒருவர் துணை. ஓர் ஆணை வந்தால் மாலைக்குள் மரத்தடியில் பேசித் தெரிந்துகொள்வர். பெண்ணோ தனியள். எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று சொல்லுவார் இல்லை. ஆதலின் சிலராக இருப்பதே உதவி மிகுதியாக வேண்டுவதற்குக் காரணம். அன்றியும் அவர்கள் என்றும் சிலராக இருக்கப்போவதில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் எண்பத்து மூன்று பெண்கள் பெங்களூரில் பயிற்சி முடித்துப் படைக் காவற்பிரிவில் சிப்பாய்களாயினர். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் பெண்களும் சேர்கின்றனர்; நான்கு ஆண்டுகளில் அவருட் பெரும்பாலோர் ஓய்வூதியமின்றி வெளியே வருவர். நம் நகரத்தின் அருகிலுள்ள கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்திலிருந்து 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலாகப் பதினேழு பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்துச் சென்றனர். நம்முள் பலர் சாலையோரம் நின்று பெருமை கொண்டோம். அப்பெண்கள் ஒருநாள் ஓய்வு பெறுவர். அன்று அவர் செல்லும் அலுவலகச் சாளரம் எப்படி இருக்கவேண்டும் என்பதை இன்றே எண்ணவேண்டும்.

படைவீரரின் மனைவியர்க்கும், கணவரை இழந்தோர்க்கும் இன்று கிடைக்கும் மதிப்பில் ஒரு நெல்லளவும் குறையவேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. எங்களுள்ளும் அத்தகையோர் உளர். அவர்க்குரிய வரிசை அவர்க்கு இருக்கட்டும். பணியாற்றிய பெண்ணை அவ்வரிசையில் தள்ளவேண்டா என்பதே வேண்டுகோள்.

இனி, என்னென்ன சீர்திருத்தம் வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். அலுவலகப் படிவங்களில் 'மனைவியின் பெயர்' என்னும் இடத்தில் 'வாழ்க்கைத் துணைவர் பெயர்' என்று இருத்தல் வேண்டும். படைவீரராகிய மனைவியைச் சார்ந்து கணவன் இருத்தல் கூடும் என்பதை எழுத்தர் இயல்பாக ஏற்கவேண்டும். பெண் பணியாளர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் கணவனுக்கு உரியது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்கவேண்டும்.

மருத்துவம் அடுத்தது. ஈ.சி.எச்.எஸ். எனப்படும் உடல்நலத் திட்டம் 2003-இல் தொடங்கியது. 2019-இல் குறுகியகாலப் பணியாற்றிய அதிகாரிகளும், சில வரையறைகட்கு உட்பட்டுப் பணம் செலுத்தி அதில் சேர வழி செய்யப்பட்டது. இந்த ஒரு செய்தியை நம் கணக்கு டீச்சரும் டாக்டரும் நாங்கள் சொல்லித்தான் அறிந்தனர் என்றால் நம்புவீர்களா? பாலிகிளினிக்குகளில் பெண் மருத்துவர் குறித்த நாட்களிலேனும் இருத்தல் வேண்டும். முதுகுவலியையும் மூட்டு வலியையும் போலவே, பணிக்காலத்தில் நேர்ந்த அச்சமும் அவமதிப்பும் மனத்தில் வடுவாய் நிற்கும். அதனைப் பெண்ணிடமே சொல்ல விழைவார்க்கு அவ்வசதி வேண்டும்.

வேலைவாய்ப்பு மூன்றாவது. மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் நூற்றுக்குப் பத்து இடங்கள் முன்னாள் படைவீரர்க்கென ஒதுக்கப்பட்டுள்ளன. மறுவாழ்வுத் துறை நடத்தும் திட்டங்களில் காவற்பணி நிறுவனம், நிலக்கரி ஏற்றிச் செல்லுதல் போன்றவை முன்னிற்கின்றன. இவற்றைப் பெண்ணால் செய்ய இயலாதென்று கூறோம். ஆயினும் செவிலியம், கல்வி, கணக்கியல், நிருவாகம் ஆகியவற்றிலும் பயிற்சி பெருகவேண்டும். குழந்தையுள்ள தாய் வீட்டிலிருந்து சென்று வரத்தக்க நேரத்தில் அவை நடக்கவேண்டும்.

இவையெல்லாம் அரசு செய்யவேண்டியவை. சங்கம் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையா? உண்டு. கடந்த ஆறு திங்களாக மாதர் பகுதி செய்துவருவதைக் கூறி, உங்கள் ஒப்புதலைக் கோருகின்றோம்.

முதலாவது, சங்கத்தில் ஓர் ஏடு திறந்துள்ளோம். படையில் பணியாற்றிய பெண்களின் பெயர், பணி, காலம் ஆகியவற்றை அவர் இசைந்தால் மட்டும் எழுதி வைக்கின்றோம். இரண்டாவது, அலுவலகத்திற்குச் செல்லும்போது எங்களுள் ஒருவர் துணைக்குச் செல்கின்றோம். சாளரத்தில் தனியே நிற்கும் பெண்ணிடம் வரும் கேள்வி வேறு. பக்கத்தில் இன்னொருவர் குறிப்பேட்டுடன் நின்றால் வரும் கேள்வி வேறு. மேஜர் அம்மையாரோடு சென்றோம். அவர் இப்போது பாலிகிளினிக்கிலேயே முழங்காலுக்கு மருத்துவம் பெறுகின்றார். டீச்சரும் டாக்டரும் உடல்நலத் திட்டத்தில் சேர விண்ணப்பம் எழுதியுள்ளனர். மணத்தால் பணியிழந்த சகோதரிக்கு வழி எளிதாக இல்லை. அவர்தம் பழைய தாள்களைத் திரட்டி, சட்டம் அறிந்த அன்பர் ஒருவரிடம் ஒப்படைத்துள்ளோம். முடிவு எதுவாயினும், ஐந்து ஆண்டுகள் அவர் செய்தது படைப்பணியே என்பதை அவர் இன்று தயக்கமின்றிச் சொல்கின்றார். அதுவே எங்களுக்கு ஒரு வெற்றி.

மூன்றாவதாக நாங்கள் கோருவது இச்சங்கத்தின் கையில் உள்ளது. வரும் டிசம்பர் 7-ஆம் நாள் படிக்கப்படும் பட்டியலில் பதினொருவர்க்கு மாறாகப் பதினைவர் பெயர் இருத்தல் வேண்டும். ஆண்கள் முன்னும் பெண்கள் பின்னுமாக அன்று. அவரவர் பணியில் சேர்ந்த ஆண்டின் வரிசைப்படி.

இதனை மேஜர் அம்மையாரிடம் சொன்னபோது, "மேடைக்கு வர எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்றார். மாலை வேண்டா என்றால் விட்டுவிடுகிறோம் என்றோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாலையை நானே தொடுத்துத் தருகிறேன், என் கை தொடுத்ததுபோல் உங்களுக்கு வராது. பெயரை மட்டும் சரியாகப் படியுங்கள். இன்னாரின் அக்கா என்று படிக்காதீர்கள்" என்றார்.

பெரியோர்களே, போரில் விழுந்தவர்க்கு நடுகல் எடுத்துப் பெயர் பொறித்தவர் நம் முன்னோர். பணி முடித்துத் திரும்பி, நம்மிடையே வாழ்வோர்க்குக் கல் வேண்டுவதில்லை. அவர் பெயரை அவர் பெயராகவே நாம் அறிந்திருந்தால் போதும். வீடு திரும்பியதும் உங்கள் அன்னையிடம், அத்தையிடம், அண்டை வீட்டு அம்மையாரிடம் ஒருமுறை கேளுங்கள்: "நீங்கள் படையில் பணியாற்றியது உண்டா?" என்று. எங்கள் ஏட்டில் இன்னும் பக்கங்கள் உள்ளன.